ஜி9 வாழையில் இலைப்புள்ளி: இரண்டு முறை மருந்தடித்தும் கட்டுப்படவில்லை

காவிரிக்கரை:
வணக்கம். திசு வளர்ப்பு ஜி9, 6க்கு 6 அடி, ஏழாம் மாதம். இன்னும் பூத் தள்ளவில்லை. மேலிருந்து நாலாவது, ஐந்தாவது இலையில் நரம்போட்டத்தை ஒட்டியே சிறு மஞ்சள் கோடுகள். அதற்குக் கீழுள்ள இலைகளில் அவை பழுப்புப் புள்ளியாகி, நடுவில் சாம்பல் பூத்திருக்கின்றன. அடி இலைகள் ஓரம் கருகித் தொங்குகின்றன. 10 லிட்டருக்கு 25 கிராம் மாங்கோசெப் வீதம் 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை அடித்தேன். இரண்டாவது முறை அடித்த மறுநாளே மழை. அளவைக் கூட்டலாமா, மருந்தையே மாற்றுவதா?

வாழைவயல்:
அளவைக் கூட்டாதீர்கள் சார், பலன் இருக்காது. நீங்கள் சொல்வது சிகடோகா என்ற பூஞ்சை இலைப்புள்ளி நோய். பிஜியில் சிகடோகா பள்ளத்தாக்கு வாழைகளை 1912 வாக்கில் நாசம் செய்ததால் வந்த பெயர். யூமுசே என்ற நெருங்கிய பூஞ்சை இனமும் நம் ஊரில் உண்டு; கண்ணால் பிரித்துப் பார்ப்பது கடினம், வைத்தியம் ஒன்றுதான்.

மாங்கோசெப் ஏன் கைவிட்டது என்றால், அது இலையின் மேல் படிந்து நிற்கும் மருந்து. பூஞ்சை வித்து புதிதாக விரியும் இலையில் விழுந்து, ஈரம் நின்றால் முளைத்து, பெரும்பாலும் அடிப்பக்கத் துளைகள் வழியாக உள்ளே போய்விடும். கோடு கண்ணில் படவே சில வாரம் ஆகும். ஆகவே இன்று நாலாவது இலையில் தெரிவது போன மாதம் புகுந்த நோய். புள்ளி விழுந்த இடம் எந்த மருந்துக்கும் திரும்பப் பச்சையாகாது. காப்பாற்ற வேண்டியது மேல் மூன்று இலைகளையும் இனி வரும் குருத்தையும்.

பூத் தள்ளிய பிறகு புது இலை வராது. அப்போது குறைந்தது 8 நல்ல இலை மரத்தில் நிற்க வேண்டும். குறைந்தால் காய் திரளாது, தார் வெட்டுமுன்பே சில சீப்பு பழுத்துவிடும். லாரியில் போகும்போது பழுத்தால் விலையே கிடைக்காது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இந்த வாரமே தொடங்குங்கள்.

அடி இலைகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கோடும் புள்ளியும் இல்லாமல், நுனியிலும் ஓரத்திலும் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் அது பொட்டாஷ் குறைவு. திசு வளர்ப்பு வாழைக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் மரத்துக்கு சாம்பல் சத்து 495 கிராம். மியூரியேட் ஆஃப் பொட்டாஷாகக் கணக்கிட்டால் 825 கிராம். 2, 4, 6, 8ஆம் மாதங்களில் நாலாகப் பிரித்தால் தடவைக்கு 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆறாம் மாதத் தவணை போட்டீர்களா?

ஸ்பிரேயர்:
மருந்து அட்டவணை சொல்கிறேன். 10 லிட்டர் டேங்குக்கு புரோபிகோனசோல் 25 ஈசி 10 மில்லி, தெளிப்புக்கென்றே விற்கும் மினரல் ஆயில் 100 மில்லி. அடுத்த முறை புரோபிகோனசோலுக்குப் பதில் கார்பென்டாசிம் 10 கிராம், அதே ஆயில். 25 முதல் 30 நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிக்கொள்ளும். கார்பென்டாசிம் விஷயத்தில் உலகெங்கும் நடந்தது அதுதான்.

கலக்கும் வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் ஒரு வாளியில் ஆயிலோடு 10 மில்லி ஒட்டும் திரவம் விட்டு, ஒரு லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். பால் மாதிரி வர வேண்டும். அதன் பிறகே மருந்து, பிறகு மீதித் தண்ணீர். எண்ணெய் தனியாக மிதந்தால் அந்தக் கலவையை அடிக்காதீர்கள், இலை வெந்துவிடும். உச்சி வெயிலிலும் வேண்டாம். குளோரோதலோனிலோடும் கந்தகத்தோடும் ஆயிலைச் சேர்க்கவே கூடாது.

நாசிலை மேல்நோக்கித் திருப்பி, குருத்து, மேல் இலைகளின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். கீழே நின்றபடி காய்ந்த இலையை நனைப்பதில் மருந்தும் கூலியும்தான் வீண். தார் வெட்டுமுன் எத்தனை நாள் விட வேண்டும் என்பது டப்பா லேபிளில் இருக்கும், அதை மீறாதீர்கள்.

காவிரிக்கரை:
நன்றி. ஆறாம் மாதத் தவணை பாதிதான் போட்டேன், மீதியைப் போட்டுவிடுகிறேன். வெட்டிய இலையை எரிப்பதா? வீட்டுக்குச் சாப்பாட்டு இலையும் இதே தோட்டத்தில்தான் அறுப்போம்.

வாழைவயல்:
பாதிக்கு மேல் காய்ந்த இலையை முழுதாக அறுங்கள். நுனி மட்டும் கெட்டிருந்தால் அந்தத் துண்டை மட்டும் நறுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் நோயைவிட அது பெரிய நஷ்டம். மரத்தில் தொங்கும் சருகுதான் மழை பட்டதும் வித்தைப் பரப்பிக்கொண்டே இருக்கும். தரையில் விழுந்தது சீக்கிரம் மக்கும். எரிக்க வேண்டியதில்லை: வரிசை நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, லிட்டருக்கு 100 கிராம் யூரியா கரைத்து மேலே தெளித்தால் இன்னும் விரைவாக மக்கும். பச்சை மரத்தில் அந்தக் கரைசல் படக்கூடாது.

பக்கக் கன்றுகளையும் களையையும் எடுத்துக் காற்று ஓட விடுங்கள். வடிகால் அடைந்திருந்தால் இந்த மழைக்குள் திறந்துவிடுங்கள். இலையில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நோய்.

மாடித்தோட்டம்:
சாப்பாட்டு இலைக்கு மருந்தடித்த மரத்தைத் தொடாதீர்கள் அண்ணா. புரோபிகோனசோல் இலைக்குள் ஊறும் மருந்து, கழுவினால் போகாது. இலைக்கென்று நாலைந்து மரத்தைத் தள்ளி ஒதுக்கி, அவற்றுக்கு சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா மட்டும் லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, வடிகட்டி, மாலையில் 15 நாளுக்கு ஒருமுறை அடியுங்கள். அது வருமுன் காப்பதுதான், வந்த புள்ளியை நிறுத்தாது. அதனால் அந்த மரங்களில் புள்ளி கண்ட இலையை அன்றன்றே நறுக்கிவிட வேண்டும். பூஞ்சாணக் கொல்லி அடித்த டேங்கில் சூடோமோனாஸைக் கலக்காதீர்கள், தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.