பொருள்: "டைடு எய்டு" – கட்டுறு உதவி எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். பணம் தரும் நாட்டிலேயே பொருள் வாங்க வேண்டும் என்ற கட்டோடு வரும் வெளிநாட்டு உதவியை ஆங்கிலத்தில் "டைடு எய்டு" (tied aid) என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> "நிபந்தனை உதவி" போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். மானியத்தைக் குறை, நாணய மதிப்பை இறக்கு என்று பன்னாட்டு நாணய நிதியம் கடனோடு சேர்த்துச் சொல்கிறதே, அதுதான் நிபந்தனை. இங்கே பேச்சு கொள்முதலைப் பற்றியது. பணம் நான் தருகிறேன், சாமானை என் நாட்டில்தான் வாங்க வேண்டும்.

அமெரிக்க உணவு உதவியைப் பாருங்கள். 1954-இல் வந்த பி.எல். 480 சட்டத்தின்படி அனுப்பியது அமெரிக்க வயலில் விளைந்த தானியம். அதில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் ஏற வேண்டும் என்று இன்னொரு சட்டம். பஞ்சம் வந்த ஊருக்குப் பக்கத்துச் சந்தையில் சோளம் மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பணத்தில் வாங்க வழியில்லை. மூட்டை கடல் தாண்டித்தான் வந்தது. இப்படிக் கட்டிப்போடுவதால் 15 முதல் 30 விழுக்காடு வரை செலவு கூடுகிறது என்பது ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) கணக்கு. அந்தக் கூடுதலும் "உதவி" என்றே பற்று எழுதப்படுகிறது. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். சொல்லைக் கேட்டதுமே அந்தக் கயிறு தெரிய வேண்டும்.

"பிணைப்புதவி" வேண்டாம். பிணை என்றதும் ஜாமீன் நினைவுக்கு வரும்; ஈடு கேட்கும் கடன் என்று படித்துவிடுவார்கள்.

அதனால் "கட்டுறு உதவி". எதிர்ச்சொல் கையிலேயே இருக்கிறது: கட்டற்ற உதவி. கட்டற்ற மென்பொருள் (free software) என்பதால் பழகிய சொல்தானே. பிரிட்டன் 2001-இல் தன் உதவியைக் கட்டவிழ்த்தது என்றும் எழுதலாம்.

*

வணக்கம் ஐயா. விளக்கம் முழுவதும் ஏற்கிறேன், "கட்டுறு" மட்டும் இடிக்கிறது. செய்தி வாசிப்பவர் நாக்கில் அது நிற்காது. "கட்டுண்ட உதவி" என்றால்? எல்லாருக்கும் தெரிந்த சொல், கயிறும் தெரிகிறது.

*

சரி அம்மா, உங்கள் சொல்லே நல்லது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், தடையில்லாமல் வருகிறது. கட்டுண்ட உதவி, கட்டற்ற உதவி, பகுதி கட்டுண்ட உதவி என்று மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். "நிபந்தனை"க்குத் தனிப் பதிவு இருக்கட்டும்; இரண்டும் கலக்கக் கூடாது.