அப்டேட்: கராட்ல மாவு கொரகொரன்னு வருதுன்னு கேட்டிருந்தேன்ல, சரியாயிடுச்சு

உத்தராகண்ட்ல நான் தங்கியிருக்க ஊர்ல ஓடையோரமா ஒரு கராட் இருக்கு, அதாங்க தண்ணியில ஓடுற மாவு மில்லு, அதுல கோதுமை பாதி உடைஞ்சும் உடையாமலும் வருதுன்னு போன மாசம் போட்டிருந்தேன். தண்ணி கம்மியா இருக்கும்னு நிறைய பேர் சொன்னீங்க. நானும் அதான் நெனச்சேன், ஆனா கோளாறு கல்லுல.

நேத்து மில்லுக்காரர் வாய்க்கால் தண்ணிய வேற பக்கம் திருப்பிட்டு மேல்கல்லை கடப்பாறையால நெம்பிப் புரட்டினார், நானும் ஒரு கை குடுத்தேன், முதுகு இன்னும் வலிக்குது. கல்லு முகம் வழவழன்னு கிடக்கு, கொத்துன தடமே இல்ல. நம்ம ஊர்ல அம்மி கொத்துவாங்கள்ல, அதே மாதிரி உளிய வச்சு டக்கு டக்குன்னு பொறுமையா கொத்தினார்.

அப்புறம் யாரோ பெல்ட் செக் பண்ண சொன்னீங்க, பெல்ட்டே கிடையாதுங்க. கீழ சக்கரம் படுக்கைவாட்டுல சுத்தும், அதோட அச்சு நேரா மேல்கல்லைச் சுத்தும், அவ்ளோதான். அச்சு உக்கார்ற கட்டைய ஒரு நெம்புமரம் வச்சு துளி தூக்கினா கல்லுக்கு நடுவுல இடைவெளி கூடும், மாவு நைசா கொரகொரப்பாங்கிறது அதுலதான். எனக்குப் பிடிச்சது தானியக் கூடையில தொங்குற குச்சி, சுத்துற கல்லு மேல தத்தித் தத்தி கூடைய ஆட்டிக்கிட்டே இருக்கும், கல்லு நின்னா கோதுமை விழுறதும் நின்னுடும்.

மொதல்ல வந்த மாவுல கல்தூள் இருக்கும்னு தனியா ஒதுக்கிட்டார். அடுத்து வந்தது பவுடர் மாதிரி, கைல எடுத்தா லேசான வெதுவெதுப்புதான். கூலிக்கு காசு வாங்கல, மாவுலயே ஒரு பங்கு எடுத்துக்கிட்டார். சக்கரத்துல ஒரு பலகை விரிசல் விட்டிருக்கு, அத அடுத்த வாரம் மாத்துறாராம்.