பத்மினி மேட்டில் இழுக்கவில்லையா? கோளாறு இருக்கும்போதே பிடியுங்கள்

நம்ம பக்கம் இன்னும் பழைய பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "ஸ்டார்ட் ஆகுது, ஐட்லிங் நிக்குது, ஆனா இழுவை இல்ல." கேட்ட கையோடு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். ஜெட்டை ஊதி, ஃப்ளோட்டை வளைத்து, திருகாணிகளைத் திருகி, கடைசியில் நன்றாக இருந்த செட்டிங்கும் போய்விடுகிறது. அவரவர் வண்டியில் கோளாறு எப்படிப் பிடிபட்டது என்று இங்கே எழுதுங்கள், அடுத்தவருக்கு உதவும். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

எங்களுடையது 1980களில் வந்த பத்மினி. 1089 சிசி, நாலு சிலிண்டர், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எடுத்தால் ஆலங்குளம், பாவூர்சத்திரம் எல்லாம் டாப் கியரிலேயே தாண்டி, தென்காசி வரை ஒரு குறை சொல்ல முடியாது. செங்கோட்டை கழிந்து புளியரை எஸ் வளைவில் ஏறும்போதுதான் வம்பு. முன்னால் லோடு லாரி, பின்னால் பஸ், நமக்கு செகண்ட் கியர். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு பாதி ஏற்றத்தில் மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டு விட்டு அடிப்பது) தொடங்கும். மிதித்தால் இன்னும் மோசம். ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். ஊருக்குத் திரும்பி எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் கோளாறே தெரியாது.

ஒருவர் பெட்ரோல் பம்பை மாற்றினார். இன்னொருவர் கார்புரேட்டர் சர்வீஸ் செய்தார். "வேப்பர் லாக், இந்த வெயிலுக்கு அப்படித்தான்" என்று, சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பதைச் சொல்லி வேறொருவர் முடித்துக்கொண்டார். கடைசியாக செங்கோட்டையில், ஃபியட்டும் அம்பாசிடருமே பார்த்துப் பழகிய ஒரு பெரியவரிடம் போனோம். முழுக்கக் கேட்டுக்கொண்டவர் பானெட்டைத் திறக்கவே இல்லை.

"ஆறவிட்டுக் கொண்டாந்தா நான் எதக் கண்டுபிடிக்க? ஏறுங்க தம்பி. அது எங்கன நிக்கோ அங்கன போய்ப் பாப்போம்."

பழைய பிளக் ஒன்று, கொஞ்சம் துணி, ஒரு பாட்டில் தண்ணீர். வழக்கமான பையோடு அவர் கூடுதலாக எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். வழக்கமான வளைவில் வண்டி திணறி நின்றது. டயருக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு, துணியை நனைத்து பெட்ரோல் பம்ப் மேல் சுற்றினார். வேப்பர் லாக் என்றால் பம்ப் குளிர்ந்ததும் பெட்ரோல் ஏறி வண்டி பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை. அடுத்து ஒரு பிளக் ஒயரை உருவி, கொண்டுவந்த பிளக்கில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை கார்புரேட்டரிலிருந்து தள்ளி எஞ்சின்மேல் அணைத்து வைத்து, என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். நீலமாகச் சுளீரென்று வெட்ட வேண்டிய பொறி மஞ்சளாக மெலிந்து, விட்டு விட்டு வந்தது.

"பாத்தியளா? தீயே இல்ல. பெட்ரோல எதுக்குக் குத்தம் சொல்லுதிய?"

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே திறந்து மூடும் பாயிண்டைக் காட்டினார். ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் அதற்குச் சரியாக ஒரு மேடு, சுற்றிலும் கருகல். கண்டன்சர் கெட்டதற்கு அதுவே சாட்சி. பாயிண்ட் திறக்கும் நேரத்தில் அங்கே பொறி தாவாமல் மின்சாரத்தை வாங்கிக்கொள்வதுதான் கண்டன்சரின் வேலை. அப்போதுதான் காயிலில் (மின் அழுத்தத்தை உயர்த்தும் சுருள்) ஓட்டம் சட்டென்று அறுந்து பிளக்குக்கு வேண்டிய ஹைடென்ஷன், அதாவது உயர் மின்னழுத்தம் பிறக்கும். உள்ளே காப்பு பழுதானால் சூட்டில் கசியும், ஆறினால் வேலை செய்யும். பாயிண்ட் முகத்தைத் தேய்த்து இடைவெளி வைத்து, தன் பையிலிருந்த கண்டன்சரை அங்கேயே மாட்டினார். கோட்டைவாசல் வரை ஏறினோம், ஒரு மிஸ்ஸிங் இல்லை. (காயில் சூட்டில் கெட்டாலும் இதே அறிகுறிதான். கண்டன்சர் மாற்றியும் தீராவிட்டால் அடுத்தது காயில்.)

அதனால்தான் சொல்கிறேன், ஸ்பேனரை எடுக்குமுன் கோளாறு எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் கோளாறு அதிலேயே பிடிபடும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது மட்டும் ஒரு கணம் விழுங்குகிறதா? எஞ்சினை அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே த்ராட்டிலை இழுங்கள். பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் ஆக்சிலேட்டர் பம்ப் பார்க்கணும். மெதுவாகப் போகும்போது நன்றாக இருந்து, வேகம் கூட்டினால் மட்டும் சோர்கிறதா? டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரை விரலால் லேசாகத் திருகி விடுங்கள். கொஞ்சம் திரும்பி, விட்டதும் சுண்டி பழைய இடத்துக்கு வரணும். வராவிட்டால் கீழே இருக்கும் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கும், வேகத்துக்கு ஏற்ப பொறி விழும் நேரம் (டைமிங்) முன்னேறாது. அதற்கு மேல் கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றினாலும் பயனில்லை.

வள்ளியூரிலிருந்து

அண்ணாச்சி, எங்க வண்டி கதை வேற மாதிரி. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் இழுக்காது. நானும் முதலில் காற்று என்றுதான் நினைத்தேன். ஆனி ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழி நோக்கிப் போனால் எதிர்க்காற்றில் நல்ல வண்டியே திணறும், அந்த ரோட்டில் அந்த மாசங்களில் இழுவை பார்ப்பதே தப்பு. ஆனால் நாங்குநேரிப் பக்கம் காற்றில்லாத காலையிலும் அதே சோர்வு. பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கே பிடிக்காமல் உருளவிட்டு நிறுத்தி, நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார் எங்க ஊர் மெக்கானிக். முன்பக்கம் இடது டிரம்மில் கை வைக்க முடியவில்லை. பிரேக் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, பெடலை விட்ட பிறகும் ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஹோஸை மாற்றியதும் வண்டி பறந்தது. நாற்பதை ஒட்டிய குதிரைத்திறன்தான் இந்த எஞ்சினுக்கு. அதில் ஒரு பங்கை பிரேக் தின்றால் மிச்சம் என்ன இருக்கும்?

திசையன்விளையிலிருந்து

தேரி மண் பக்கம் ஓட்டுகிறவர்கள் ஏர் கிளீனரைக் கவனிங்க. செம்மண் தூசி அடைத்துக்கொண்டால் கரும்புகை வரும், பிளக் கருப்பாகக் கரி படியும், சோக் பாதி இழுத்த மாதிரியே ஓடும்.

இன்னொன்று டேங்க் மூடி. கடையில் பூட்டு வைத்த மூடி வாங்கிப் போட்டோம், அதில் காற்றுத் துவாரம் சரியில்லை. கொஞ்ச தூரம் ஓடியதும் டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் இழுபடாது. நின்ற இடத்தில் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும், உடனே வண்டி ஓடும். நீங்கள் சொன்ன மாதிரி, அந்த நேரத்தில் திறந்ததால்தான் தெரிந்தது.

மாசக்கணக்கில் ஷெட்டில் நிறுத்துகிறவர்கள் பெட்ரோல் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

சூடோ குளிரோ, மேடோ பள்ளமோ, எல்லா நேரமும் ஒரே சோர்வு அண்ணாச்சி. பாபநாசம் ஏறவே ஃபர்ஸ்ட் கியர் கேட்கிறது. பொறி நீலமாக வருது, பெட்ரோல் நல்லா வருது. போன வாரம் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தோம். ஒன்றும் நாலும் பரவாயில்லை, ரெண்டும் மூணும் ரொம்பக் கம்மி. பிஸ்டன் ரிங்கு போயிருக்கும், எஞ்சின் இறக்கணும்ங்காங்க. அம்மாம் செலவு இப்ப முடியாது.

வண்ணார்பேட்டையிலிருந்து

அவசரப்பட்டு எஞ்சினை இறக்காதிய தம்பி. எல்லா நேரமும் ஒரே மாதிரி சோர்வு என்றால் அளந்து பார்க்க முடிகிற கோளாறு, அது நல்லதுதான். குறைந்த ரெண்டு சிலிண்டரிலும் பிளக் துவாரம் வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரெஷன் பாருங்க. அளவு நன்றாக ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட். உங்களுக்குக் குறைவது பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் என்பதால் எனக்கு கேஸ்கட் மேல்தான் சந்தேகம். ரெண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒல்லியான இடத்தில் எரிந்து, ஒன்றின் அழுத்தம் மற்றதுக்குள் போகும். அப்படியானால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், எஞ்சினை இறக்க வேண்டாம். அதற்கு முன் வால்வு மேலுள்ள டேப்பட் இடைவெளியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடைவெளியே இல்லாமல் வால்வு மூடாமல் நின்றாலும் இதே அளவு காட்டும், அதற்குச் செலவே கிடையாது.

ஹெட்டைக் கழற்றும்படி ஆனால் மட்டச்சட்டம் வைத்து வளைவு பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கட் நாள்கணக்கில்கூட நிற்காது. ஆயில் விட்டுப் பார்த்த அளவை இங்கேயே போடுங்க, சேர்ந்து பாப்போம்.