டீப்ரிஸ்கிரைபிங்: வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

ம., தேனி:
குழுவினருக்கு வணக்கம். குடும்ப மருத்துவர்களுக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டீப்ரிஸ்கிரைபிங் என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பலனைவிடத் தீங்கு கூடிப்போன மருந்தை, மருத்துவர் பார்வையில், திட்டம் போட்டுக் குறைப்பதோ விடுவதோ அது. 2003-இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் உட்வர்ட் எழுதிய கட்டுரையில் புழக்கத்துக்கு வந்த சொல்.

போன வாரம் ஒரு பாட்டி மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்தார். 11 மாத்திரை அட்டைகள். ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் 10 மில்லிகிராமுக்கு ஏறியதும் கணுக்கால் வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை. அதனால் ராத்திரி நாலு தடவை எழுந்து, ஒரு தடவை வாசற்படியில் விழுந்திருக்கிறார். நீர் மாத்திரையை எடுத்துவிட்டு அம்லோடிபினைக் குறைத்தேன். “இனி வைத்தியம் பார்த்துப் பிரயோசனமில்லைன்னு விட்டுட்டீங்களா டாக்டர்?” என்று கேட்டார். ‘மருந்து நிறுத்தம்’ என்று எழுதக் கை வராதது இதனால்தான்.

இரா., தஞ்சாவூர்:
டாக்டர் ஐயா, ‘மருந்துக் களைவு’ என்று வையுங்கள். “இடுக்கண் களைவதாம் நட்பு” தெரியாதவர் யார்? களைவதில் கைவிடுவது இல்லை, துன்பத்தை நீக்குவதுதான் இருக்கிறது. “பைங்கூழ் களைகட் டதனொடு நேர்” என்ற குறளில் களைகட்டல் என்றால் களை பறித்தல். இன்று திருவிழா களைகட்டியது என்கிறோமே, அது முகக்களையின் களை. பறிக்க வேண்டிய களைக்கும் முகத்தில் தங்கும் களைக்கும் ஒரே வேரா என்று பல வருஷமாகத் தேடி வருகிறேன். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

சு., கோவை:
ஐயா, அந்தக் குறள் கொடியவர்களைக் கொல்லும் வேந்தனைப் பற்றியது. நோயாளி பக்கத்தில் அதைக் கொண்டுவர வேண்டாம். மருந்துக்கடையில் நிற்பவள் என்ற முறையில் இன்னொன்று: ‘மருந்துக் களைவு’ என்று அச்சிட்டால், பாதிப் பேர் ‘மருந்துக் களைப்பு’ என்று வாசிப்பார்கள். களைப்பு பல மாத்திரைகளின் பக்கவிளைவு வேறு. அப்புறம், பத்து வருஷம் காப்பாற்றிய மாத்திரையைக் களை என்பது நியாயமா?

இரா., தஞ்சாவூர்:
நெல் வயலில் முளைத்தால் உளுந்தும் களைதானே அம்மா. உளுந்தின் மேல் குற்றம் இல்லை.

ம., தேனி:
ஆசிரியர் ஐயா சொல்வது ஆஸ்பிரினுக்கு அப்படியே பொருந்துகிறது. மாரடைப்பே வராதவர்களுக்கும் முன்காப்பாக எழுதிவந்தோம். அதைச் சோதித்த ஆஸ்பிரீ என்ற ஆய்வில் 19,114 முதியவர்கள். தினம் 100 மில்லிகிராம் எடுத்தும் ஊனமில்லாத ஆயுள் கூடவில்லை, பெரிய ரத்தக்கசிவுதான் கூடியது. 2018-இல் முடிவு வந்தது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் 2023 பியர்ஸ் பட்டியல், அதாவது முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், முன்காப்புக்காகப் புதிதாகத் தொடங்க வேண்டாம், ஏற்கெனவே எடுப்பவர்களுக்கு விடுவதைப் பற்றி யோசியுங்கள் என்கிறது. மாரடைப்பு வந்தவரும் ஸ்டென்ட் வைத்தவரும் தாமாக விடவே கூடாது. இவருக்குக் களை, அவருக்குப் பயிர்.

ந., சென்னை:
கூட்டலுக்கு எதிர் கழித்தல். ‘மருந்துக் கழிப்பு’ சரிவருமா?

சு., கோவை:
கழிப்பறைதான் நினைவுக்கு வரும். ‘மருந்துக் குறைப்பு’ போதும். கேட்டவுடன் புரியும்.

இரா., தஞ்சாவூர்:
முழுதாக விடுவது எப்படிக் குறைப்பாகும்?

சு., கோவை:
அட்டை 11 இருந்தது 10 ஆனால் குறைப்புதான் ஐயா. வலிப்புக்கும் பதற்றத்துக்கும் தரும் குளோனசெபாம், இதயத்துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் இரண்டையும் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. படிப்படியாக இறக்க வேண்டும். பேண்டோப்ரசோலை, அதாவது கேஸ் மாத்திரையை, நிறுத்தியதும் சில நாள் நெஞ்செரிச்சல் கூடும். ஜனங்கள் பயந்து மறுபடி வாங்க வருவார்கள். குறைப்பு என்ற சொல்லில் அந்தப் படிகள் தெரிகின்றன. களைவில் வேரோடு பிடுங்குவதுதான் தெரிகிறது.

ந., சென்னை:
க் வருமா?

இரா., தஞ்சாவூர்:
‘மருந்து குறைத்தான்’ என்றால் மிகாது. குறைப்பு பெயராகிவிட்டது, மருந்துக்கடை போல மிகும். ‘மருந்துக் குறைப்பு’ என்றே போடுங்கள். ஆனால் என் வாக்கு களைவுக்குத்தான். நாலு பேர் சொல்லச் சொல்ல எந்தச் சொல்லும் பழகும்.

ம., தேனி:
சரி, தலைப்பில் ‘மருந்துக் குறைப்பு’ வைத்து அனுப்புகிறேன். ஆசிரியர் ஐயாவின் களைவு, மருத்துவர்களுக்கான உள்பக்கத்தில் ஒருமுறை வரும். சு. அம்மா, தலைப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: “உங்களைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நோயாளி தானாக விடக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.”

சு., கோவை:
வரி இருக்கட்டும். கூடவே “அடுத்து எப்போது வர வேண்டும் என்று தேதி எழுதிக் கொடுங்கள்” என்றும் சேருங்கள். தேதி கையில் இருந்தால் அந்தப் பாட்டி அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.