புதுப்பிப்பு: ஐடிலிங்கில் துடித்த வண்டி

தொப்பூர் கணவாய் ஏறி தருமபுரிக்கு வரும்போது என் 150 சிசி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வண்டி திடீரென மிஸ்ஸாகிறது, த்ராட்டிலை (ஆக்சிலேட்டரை) விட்டு ஐடிலிங்கில், அதாவது சும்மா ஓடவிட்டால் துடித்து அணைகிறது என்று எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

பலரும் சொன்னபடி ஸ்பார்க் பிளக் மாற்றியும் அப்படியேதான். ஆனால் கழற்றிய பிளக்கின் முனை வெளுத்திருந்தது. பெட்ரோல் அதிகமானால் கரி படியும். வெளுத்தால் பெரும்பாலும் காற்று கூடுதல்.

பென்னாகரம் ரோட்டு மெக்கானிக் அண்ணன் வண்டியை ஓடவிட்டு, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பரைச் சுற்றி கார்ப் கிளீனரை லேசாக அடித்தார். "சத்தத்தைக் கேளு தம்பி" என்றார். ஒரு இடத்தில் அடித்ததும் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) சட்டென்று மாறியது. ரப்பரைக் கழற்றி வளைத்தால் அடிப்பக்கம் நகம் நுழையும் அளவு வெடிப்பு, கூடுதல் காற்று போனது அதன் வழியாகத்தான். சும்மா பார்த்தால் தெரியவே தெரியாது. (சூடான சைலன்சர் பக்கம் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.)

புது ரப்பர், புது கிளாம்ப், வேலை முடிந்தது. வண்டி அணையாமல் இருக்க ஏற்றி வைத்திருந்த ஐடில் ஸ்குரூவையும் இறக்கியாயிற்று.

வேகத்தில் போகும்போது ஏன் அவ்வளவாகத் தெரியவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐடிலிங்கில், காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், எஞ்சின் பலமாக உறிஞ்சும். உள்ளே போவதே கொஞ்சம் காற்று என்பதால் சின்னக் கசிவும் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கெடுத்துவிடும். த்ராட்டில் திறந்தால் அதே கசிவு பெரிதாகத் தெரியாது.