பாதையில்லாக் குன்றுகளில் ஏறி இறங்கியவர்கள்: மட்டக்களப்பு, அம்பாறை அனுபவங்கள்

செங்கலடியிலிருந்து

உச்சிப் பாறையில் நின்று "வாடி எந்தப் பக்கம்?" என்று கேட்டபோது மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்டினோம். இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் அந்த வாடியில், அதாவது மாட்டுப் பட்டிக்காரரின் குடிசையில், மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி, பட்டிக்கார ஐயா தந்த தேநீரைக் குடித்துவிட்டு ஏறத் தொடங்கியிருந்தோம்.

செங்கலடி–பதுளை வீதியில் உறுகாமம் தாண்டி, புல்லுமலைக்குப் போகும் வழியில் உள்ளே பிரியும் ஒரு கிரவல் பாதை. கிரவல் முடிய வண்டில் தடம், தடம் முடிய ஒரு சின்னக் குளத்தின் கட்டு, அதற்கப்பால் காடு. அந்தக் காட்டுக்கு நடுவே, முதுகில் மரமும் நெற்றியில் கறுத்த பாறையுமாகக் குன்று நிற்கிறது. வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை. குடும்பிமலையைத் தெரியாதவர்கள் மட்டக்களப்பில் இல்லை. தாந்தாமலைக்கும் குசலானமலைக்கும் கோயில் இருப்பதால் வழியும் இருக்கிறது. எனக்குப் பிடித்தவை இந்தப் பெயரில்லாதவைதான். பதுளைப் பக்கத்து மலைகளோடு ஒப்பிட்டால் இவை மலையே அல்ல என்பார்கள். ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஏறும்போது யானைத் தடத்தைப் பிடித்துக்கொண்டோம். யானை செங்குத்தாக ஏறாது. சரிவு குறைந்த இடமாகப் பார்த்து வளைந்து வளைந்து போகும். சூரைமுள்ளும் இண்டுக்கொடியும் பின்னிக் கிடக்கும் பற்றைக்குள் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய இடம் அது மட்டுமே. கத்தி எடுத்து வெட்டிக்கொண்டு போனால் நூறு யார் போவதற்கே அரை மணி நேரம் பிடிக்கும்.

அடிவாரத்திலிருந்து பாதித் தூரத்தில் ஒரு முதிரை மரம். அதன் பட்டையில், என் தலைக்கும் மேலே ஒரு முழம் உயரத்தில், சேறு அப்பியிருந்தது. முதுகு தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன். ஓரங்கள் காய்ந்து வெடித்திருந்தன. நடுவில் இன்னும் ஈரம். சேற்றோடு ஒட்டியிருந்த ஒற்றை மயிர், தும்புக்கட்டை நாரைப் போலத் தடித்து விறைப்பாக இருந்தது. மூவரும் அதன்பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. தடத்தைவிட்டு விலகி, பாறைச் சரிவோடு ஒட்டிக்கொண்டே மேலே போனோம்.

உச்சியில் காற்றும் வெளிச்சமும் முகத்தில் அடித்தன. வடகிழக்கே உறுகாமக் குளம் தகடு போல மின்னியது. அதற்கும் அப்பால் வெளிறிய ஒரு கோடு, கடல். வடக்கே வெகுதூரத்தில் குடும்பிமலை, முடிந்துவிட்ட குடுமியைப் போலவே. பாறைக் குழியொன்றில் மாரி மழைத்தண்ணீர் இன்னும் வற்றாமல் கிடந்தது. இவ்வளவும் தெரிந்தது, நாங்கள் புறப்பட்ட வாடி மட்டும் தெரியவில்லை. கீழே நாலா பக்கமும் ஒரே பச்சை.

இதைத்தான் சொல்ல வந்தேன். ஏறும்போது எந்தப் பக்கம் விலகினாலும் மேடு உங்களை உச்சிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். இறங்கும்போது நிலைமை வேறு. உச்சியில் ஓரடி பிசகினால் அடிவாரத்தில் அரை மைல் தள்ளிப் போய் நிற்பீர்கள். நாங்கள் பிசகினோம். "இதுதான் நாம் வந்த சரிவு" என்று நான்தான் உறுதியாகச் சொன்னேன். போய் நின்ற இடம் ஓர் ஓடை. இரு கரையிலும் ஆளுயரப் பாறை, உள்ளே சறுக்கும் சருகு. நேரம் இரண்டே கால். பட்டிக்கார ஐயா காலையிலேயே சொல்லியிருந்தார்: "தம்பி, மூன்று மணிக்கு முந்தி கட்டுக்கு வந்துவிட வேண்டும். பொழுது சாய்ந்தால் குளக்கரை அவர்களுக்குரியது."

ஓடையோடு இறங்கினால் குளத்துக்குத்தான் போகும் என்று கூட வந்த தம்பி சொன்னான். போகும், ஆனால் யானையும் அதே வழியால்தான் தண்ணீருக்கு வரும். திரும்பவும் உச்சிக்கு ஏறினோம். கால் நடுங்கியது. உறுகாமக் குளத்தை இடது தோளுக்கு நேராக வைத்துக்கொண்டு இரண்டாம் முறை இறங்கி, கட்டுக்கு வந்து சேர மூன்றரை ஆகிவிட்டது. ஐயா குளக்கட்டில் நின்று சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஏசவில்லை. தயிர்ச் சட்டியை எடுத்து வைத்தார். நாங்கள் தயிரை வழித்து முடிப்பதற்குள் அக்கரையில் கிளை முறியும் சத்தம் கேட்டது.

இப்போது உச்சிக்கு வந்தவுடன் முதல் வேலையாக, வந்த திசைக்கு நேராகப் பாறையில் மூன்று கற்களை வரிசையாக அடுக்கிவிடுகிறேன். படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கையடக்கத் தொலைபேசியின் வரைபடத்தை நம்பிப் போகிறவர்கள், சமிக்ஞை இல்லாத இடத்திலும் வேலை செய்யும்படி வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு போங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து

யானையைப் பற்றி எழுதிவிட்டீர்கள். எனக்கு நேர்ந்தது கரடி.

பொத்துவிலுக்குப் போகும் வீதியில் சங்கமன்கண்டி தாண்டி, உள்பக்கம் இதுபோன்ற பாறைக் குன்றுகள் நிறைய உண்டு. கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியார்கள் சங்கமன்கண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போகும் பக்கம். ஆனி மாதம், பாலைப்பழக் காலம். வாப்பா போகவேண்டாம் என்றுதான் சொன்னார். பாலை பழுத்தால் கரடி மரத்தடியை விட்டுப் போகாது என்பது அவருக்குத் தெரியும். நானும் மச்சானும் கேட்கவில்லை.

கச்சான் காற்று இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் எங்கள் காலடி அதற்குக் கேட்கவில்லை, அது மூச்சிரைத்தது எங்களுக்கும் கேட்கவில்லை. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினேன். பதினைந்து அடிக்குள் அதன் முதுகு. மண்ணெல்லாம் மஞ்சள் பழம் சிதறிக் கிடந்தது. கரடிக்குப் பார்வையும் செவியும் மந்தம், மூக்குத்தான் கூர்மை என்பார்கள். காற்று அதன் பக்கமிருந்து எங்களை நோக்கி வீசியதால் வாடையும் எட்டவில்லை. அது திடுக்கிட்டால் எங்கள் கதை முடிந்தது. மச்சான் என் சேர்ட்டைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்தான். முகத்தைத் திருப்பாமல் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினோம். முப்பது அடி பின்னால் வந்ததும் மச்சான் கணீரென்று இருமினான். அது நிமிர்ந்து பார்த்துவிட்டு, உறுமிக்கொண்டு பாறை இடுக்குக்குள் புகுந்தது.

அன்றிலிருந்து காற்றடிக்கும் நாளில் காட்டுக்குள் வாயை மூடிக்கொண்டு நடப்பதில்லை. பேசிக்கொண்டே நடங்கள், பாறைத் திருப்பங்களில் தடியால் கல்லைத் தட்டுங்கள். பாலைப்பழக் காலத்தில் போகாமலிருப்பது எல்லாவற்றிலும் நல்லது. வாப்பாவிடம் இதை இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து

எனக்கு வயது அறுபத்து மூன்று. இளம் வயதில் விறகுக்கும் தேனுக்கும் இந்தக் குன்றுகளில் ஏறியவன். பின்பு யுத்தம், இருபது வருடத்துக்கு மேல் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மண்முனையில் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முன்பு துறையில் பாதைக்குக் காத்திருந்து வாவியைக் கடந்தோம். (வெளியூர்ப் பிள்ளைகளுக்கு: எங்கள் ஊரில் வாவியைக் கடக்கும் மிதவையையும் பாதை என்றுதான் சொல்வோம்.) இப்போது பட்டணத்துப் பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். வாருங்கள், சந்தோஷம்.

இரண்டே விடயம். 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனாலும் காட்டில் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் காலால்கூடத் தட்டாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள். மற்றது, குகை வாயிலில் மழைநீர் உள்ளே வழியாதபடி மேலே வெட்டிய விளிம்பையும் அதன்கீழ் எழுத்தையும் பார்ப்பீர்கள். ஈராயிரம் வருடத்துக்கு மேற்பட்ட பிராமி எழுத்து இந்தப் பக்கத்துக் குகைகளில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உங்கள் பெயரைக் கரியால் எழுதாதீர்கள். போன வருடம் ஒரு குகையில் அப்படி எழுதியிருந்ததைப் பார்த்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செங்கலடியிலிருந்து

ஐயா, அந்தக் கரியை ஈரத்துணியால் துடைக்க முயல வேண்டாம், எழுத்தும் சேர்ந்து தேயக்கூடும். தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிப்போம். கடிதத்தை நான் எழுதுகிறேன்.

தைப்பொங்கல் கழிந்து வெள்ளம் வடிந்ததும் அதே குன்றுக்கு மீண்டும் போகிறோம். இம்முறை பட்டிக்கார ஐயாவின் மகனும் கூட வருகிறான். காலை ஆறு மணிக்கு செங்கலடிச் சந்தி. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை கட்டாயம். மாரிக்குப் பிறகு புல்லெல்லாம் கடுகளவு உண்ணி. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.