டெஸ்ட் எல்லாம் பச்சை, பிறந்த திகதி மட்டும் ஒரு நாள் முந்தி. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

இரணைமடுத் தவளை:

நாலு நாளாக மண்டைக்குள் குடைகிறது, அதுதான் எழுதுகிறேன். கிளிநொச்சியில் ஒரு சாரதிப் பயிற்சி நிலையத்துக்குப் பதிவுச் செயலி செய்து கொடுத்தேன். பைதான் மொழி, டெஸ்டுக்குப் பைடெஸ்ட் என்ற கருவி. டெஸ்ட் என்றால் கோட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சின்னக் கோட், சரி என்றால் பச்சை, பிழை என்றால் சிவப்பு. அதை எழுதப் பழகிய புதிது, அந்தச் சூட்டில் முப்பத்தெட்டு எழுதினேன். முப்பத்தெட்டும் பச்சை.

இரண்டாம் கிழமை ஒரு பிள்ளையும் தாயும் பற்றுச்சீட்டோடு வந்து நின்றார்கள். 14 என்று இருக்க வேண்டிய இடத்தில் 13. "தம்பி, என்ர பிள்ளை திருவாதிரை. நீங்கள் மிருகசீரிடம் ஆக்கிப்போட்டியள்" என்றார் தாய். பகிடி இல்லை, மெய்யான கோபம். பின்னால் வரிசையில் நின்ற பெடியள்தான் சிரித்தார்கள். நான் கணினித் திரையைப் பார்ப்பதா அவவைப் பார்ப்பதா என்று தெரியாமல் பேனையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

இரவு பதிவு முழுவதையும் எடுத்துப் பார்த்தேன். திகதி பிழையாக விழுந்தவர்கள் எல்லாரும் 1996 மே கடைசிக்கும் 2006 ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில் பிறந்தவர்கள். அதற்கு முந்தியோ பிந்தியோ ஒருவர்கூட இல்லை. சேமிக்கும்போது லைப்ரரி கொழும்பு நேர வலயத்தைப் பார்த்து யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றுகிறது. இலங்கை அந்தப் பத்து வருடமும் யூடிசிக்கு ஐந்தரை மணி முன்னுக்கு இருக்கவில்லை. 1996 மேயில் ஆறரை, அதே வருடம் ஒக்டோபரில் ஆறு, 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரை. லைப்ரரிக்கு இதெல்லாம் தெரியும். திரும்ப வாசிக்கும் இடத்தில் நான் கையால் ஐந்தரை என்று அடித்து வைத்திருந்தேன். 14ஆம் திகதி நள்ளிரவு பன்னிரண்டு மணி, 13ஆம் திகதி இரவு 11.30 ஆகிவிட்டது.

முப்பத்தெட்டு டெஸ்டிலும் நான் போட்டிருந்தது என்னுடைய பிறந்தநாள். 1994.

முதலில் டெஸ்ட், பிறகுதான் கோட் என்கிறார்கள், டிடிடி என்று அதற்குப் பெயர். சரி. இருக்கிறது என்றே தெரியாத ஒன்றுக்கு எப்படி முதலில் டெஸ்ட் எழுதுவது?

பழைய மணிக்கூடு:

தவளைத் தம்பி, எனக்குக் கோட் தெரியாது, மகன் காட்டியதால் வாசித்தேன். நீங்கள் சொல்லும் ஆறு மணிக் கணக்கு கொழும்புக் கணக்கு. மல்லாவியில் நாங்கள் அந்த நேரத்துக்கு மாறவே இல்லை. இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பக்கம் முழுக்கப் பழைய நேரம்தான். ஓமந்தை தாண்டினால் மணிக்கூட்டை அரை மணி முன்னுக்குத் திருப்ப வேண்டும். 2003இல் விசா நேர்முகத்துக்குப் போனபோது நான் திருப்ப மறந்துபோனேன். வவுனியா ஸ்டேஷனுக்கு ஓடி வந்து பார்த்தால் கொழும்பு ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்பக்கம். கையில் சோற்றுப் பார்சல், சூடு ஆறவில்லை. அந்தப் பின்பக்கத்தை இன்றைக்கும் கீறிக் காட்டுவேன்.

அப்படிப் பார்த்தால் உங்கள் ஐந்தரைதான் வன்னிப் பிள்ளைகளுக்குச் சரி. கொழும்பு மணிக்கூட்டில் இரவு பன்னிரண்டு பத்துக்குப் பிறந்த பிள்ளை எங்கள் மணிக்கூட்டில் முதல் நாள் பிள்ளை. அந்தத் தாயிடம் எத்தனை மணிக்குப் பிறந்தது என்று கேட்டீர்களா?

மாங்குளம் சந்தி:

ஒரு நாள் பிழை என்றதும் அடையாள அட்டை இலக்கமாக்கும் என்று நினைத்தேன், என்னை வதைத்தது அதுதான். இலக்கத்தில் பிறந்த வருடத்துக்குப் பிறகு வரும் மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் 500 கூட்டி. இது எல்லாருக்கும் தெரியும். நான் விதிப்படி முதலில் டெஸ்ட் எழுதினேன்: 2001 மார்ச் 1 என்றால் 60. சிவப்பு. கோட் எழுதினேன். பச்சை. ஒரு தேத்தண்ணி குடித்தேன்.

என் தங்கச்சியின் அட்டையைப் போட்டுப் பார்த்தால் பிழை. ஏனென்றால் அந்தக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 உண்டு. மார்ச் 1 எப்போதும் 61. டெஸ்டும் நான், கோடும் நான், இரண்டுக்கும் ஒரே பிழையான விளக்கம். சோதனை எழுதினவனே விடைத்தாளையும் திருத்தினால் நூற்றுக்கு நூறுதானே. தவளை, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: தங்கச்சியின் அட்டை.

பச்சைக்கொடி:

எனக்கும் ஒன்று நடந்தது. விடிய நாலு மணிக்கு எழும்பி வேலை செய்கிற ஆள் நான். அந்த நேரம் கோடைக் கிட்ஹப் தளத்துக்குப் புஷ் பண்ணினால், அதாவது அனுப்பினால், ஒரு டெஸ்ட் விழும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பண்ணினால் விழாது. டெஸ்டை ஓட்டும் கிட்ஹப் சர்வர் யூடிசியில் ஓடுகிறது, எங்களுக்கு ஐந்தரை ஆகும்வரை அதற்கு இன்னும் நேற்று. அவ்வளவுதான்.

இதை எழுதுவது ஏனென்றால் மேலே இருவரும் டிடிடியைக் குறை சொல்கிற மாதிரி இருக்கிறது. குறை முறையில் இல்லை. டிடிடியைப் பரப்பிய கென்ட் பெக் சொன்ன சுற்று மூன்று படி: விழுகிற டெஸ்ட், அதைப் பச்சையாக்கும் ஆகக் குறைந்த கோட், பிறகு ஒழுங்குபடுத்தல். எங்கள் ஆட்கள் மூன்றாவதை விட்டுவிடுவார்கள். தவளை அதைச் செய்திருந்தால் ஐந்தரை என்ற எண் கோடுக்குள் தனியாகக் கிடப்பது கண்ணில் பட்டிருக்கும். இன்னொன்று, பிறந்த திகதிக்கு நேரமே தேவையில்லை. டேட் என்று வைக்க வேண்டியதை டேட்டைம் என்று வைத்ததுதான் மூல வியாதி. மூன்றாவது, எல்லா டெஸ்டிலும் ஒரே மாதிரித் தரவு போடக்கூடாது. வருட முடிவு, பெப்ரவரி 29, வெற்றுப் பெட்டி, இவற்றைத் தேடிப் பிடித்துப் போட வேண்டும். பைடெஸ்டில் பாராமெட்ரைஸ் என்று ஒன்று இருக்கிறது, ஒரே டெஸ்டுக்கு இருபது திகதி கொடுக்கலாம். "இன்று" என்பதைக் கோடுக்குள்ளேயே கூப்பிடாமல் வெளியில் இருந்து கொடுங்கள், அப்போது டெஸ்டில் எந்த நாளையும் இன்றாக்கலாம். பிழை ஒன்று வந்தால் கோடில் கை வைக்க முதல் அந்தப் பிழையைப் பிடிக்கும் டெஸ்டை எழுதி, அது சிவப்பாவதைக் கண்ணால் பாருங்கள். சிவப்பைக் காணாத டெஸ்டை நம்ப வேண்டாம். ஜாவா மொழிக்கான டெஸ்ட் கருவி ஜேயூனிட்டைப் பெக்கும் எரிக் காமாவும் 1997இல் விமானப் பயணத்தில் சேர்ந்து இருந்து எழுதினார்கள். பெரிய வசதி ஒன்றும் தேவையில்லை, ஒழுக்கம் இருந்தால் போதும்.

கச்சான் சரை:

முறிகண்டியில் பஸ் நிற்கிற நேரத்துக்குள் வாசித்து முடிக்கலாம் என்று தொடங்கினேன். பச்சைக்கொடியின் அறிவுரை புளியங்குளம் வரை வந்தது.

கரையோரக் கொக்கு:

பச்சைக்கொடி அண்ணை, யாரும் டிடிடியைக் குறை சொல்லவில்லை, திரும்ப ஒருக்கால் வாசியுங்கள். அவர்கள் விமானத்தில் எழுதினார்கள், நான் முல்லைத்தீவில் கரண்ட் போன பிறகு லாப்டொப்பில் மிஞ்சிய பதினெட்டு வீதத்தில் எழுதினேன். ஒழுக்கம் இருந்தது. சார்ஜ்தான் இல்லை.

மீனவர் சங்கம் ஒன்றின் பட்டியலில் ஊர்ப் பெயரால் தேடும் வேலை. டெஸ்ட் விழுந்தது. திரையில் இருந்த வரி இது: 'கொக்கிளாய்' சமம் 'கொக்கிளாய்', பொய். இரண்டு கொக்கிளாய்க்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "ரெண்டும் ஒண்டுதானே" என்றா. எனக்குக் கண் பிழைத்துவிட்டதோ என்று நினைத்து முகம் கழுவிவிட்டு வந்தேன்.

கடைசியில் நீளத்தை எண்ணிப் பார்த்தேன். ஒன்று பத்து, மற்றது பதினொன்று. பழைய பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றியது. அதில் 'கொ' என்பது க, ஒற்றைக் கொம்பு, அரவு என்று மூன்றாக இருக்கிறது. நான் அடித்ததில் கொம்பும் அரவும் சேர்ந்து ஒரே குறி. பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒப்பிட முதல் இரண்டையும், கொம்பையும் அரவையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது, ஒரு வரிதான். கொக்குத்தொடுவாயும் அதோடு வந்து சேர்ந்தது. முள்ளிவாய்க்கால்காரருக்கு இந்தக் கரைச்சலே இல்லை, அந்தப் பெயரில் கொம்பும் இல்லை, அரவோடு சேர்ந்த கொம்பும் இல்லை.

தவளை, நான் அந்த டெஸ்டைத் தேடி எழுதவில்லை. வேறு எதற்கோ எழுதியது, பட்டியலில் இருந்து அப்படியே வெட்டி ஒட்டியதால் பிடிபட்டது. கையால் அடித்திருந்தால் அதுவும் பச்சையாகத்தான் வந்திருக்கும்.

மாங்குளம் சந்தி:

கொக்கு, அதைத்தான் நானும் சொன்னேன். தங்கச்சியின் அட்டை.

பச்சைக்கொடி:

ஒழுங்குபடுத்தலைப் பற்றி நான் சொன்னதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இரணைமடுத் தவளை:

எல்லாருக்கும் நன்றி. பச்சைக்கொடி அண்ணை சொன்னபடி டேட்டாக மாற்றினேன். மாற்ற முதல் 2001 திகதியோடு ஒரு டெஸ்ட் எழுதி ஓடவிட்டேன். சிவப்பு. 14ஐக் கேட்டால் 13 என்று அதே பற்றுச்சீட்டு மாதிரி எழுதிக் காட்டியது. முப்பத்தெட்டுப் பச்சைக்கும் வராத நிம்மதி அந்த ஒரு சிவப்பில் வந்தது, ஏன் என்று கேட்காதீர்கள். இப்போது பாராமெட்ரைஸில் அடுத்தவர்களின் பிறந்தநாள்தான் இருக்கிறது, என்னுடையதை எடுத்துவிட்டேன்.

பழைய மணிக்கூடு ஐயா, திருத்திய பற்றுச்சீட்டைக் கொடுக்கப் போன இடத்தில் தாயிடம் கேட்டேன். கொழும்பு நேரம், எங்கள் நேரம் என்று விளக்கமும் சொன்னேன். நள்ளிரவை ஒட்டிப் பிறந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவ கச்சேரிக்குப் போகிற அவசரத்தில் நின்றா. விடிய நாலு மணிக்காம், சேவல் கூவினதாம்.